கார் காப்பீடு: வண்டி ஓடும் ஊரா, பதிவான ஊரா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையில் வாங்கிப் பதிவு செய்த கார், பெற்றோரின் பயன்பாட்டுக்காக ஊரில் நிற்கிறது. இந்தக் காருக்குக் காப்பீட்டுக் கட்டணம் எந்த ஊர்க் கணக்கில் வரும் என்ற ஐயம் புதுப்பிக்கும்போதெல்லாம் எழுகிறது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ள மூன்றாம் நபர் காப்பீட்டில், அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டில், ஊர் வேறுபாடே கிடையாது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி, தனிநபர் காருக்கு ஆண்டுக் கட்டணம் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இந்தக் காப்பீடு இல்லாமல் சாலையில் ஓட்டினால், முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீட்டில்தான் ஊர் கணக்கில் வருகிறது. சென்னை உள்ளிட்ட எட்டு பெருநகரங்கள் 'ஏ' மண்டலம். கோவை, மதுரை, திருச்சி, காரைக்குடி உட்பட மற்ற ஊர்கள் அனைத்தும் 'பி' மண்டலம். வண்டி எங்கே பதிவாகியிருக்கிறது என்பதைக் கொண்டே மண்டலம் முடிவாகிறது என்பதால், ஊரிலேயே நின்றாலும் சென்னைப் பதிவு காருக்கு 'ஏ' மண்டலக் கட்டணமே வரும். ஆனால் இதற்காகப் பதிவை மாற்ற அலைவதில் பொருளில்லை. நிறுவனங்கள் இன்று விகிதத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன என்றாலும், முன்பு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக இருந்த பழைய அட்டவணைப்படி ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட, நான்கு லட்சம் ரூபாய் காப்பீட்டு மதிப்புள்ள சிறிய காருக்கு 'ஏ' மண்டலத்தில் 3.127 சதவீதம், அதாவது 12,508 ரூபாய். 'பி' மண்டலத்தில் 3.039 சதவீதம், 12,156 ரூபாய். வித்தியாசம் 352 ரூபாய்தான்.

அதைவிடப் பெரிய தொகை நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறது. இழப்பீடு கோராத முதல் ஆண்டுக்குப் பின் 20 சதவீதத்தில் தொடங்கும் இந்தத் தள்ளுபடி, ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதம் வரை உயர்கிறது. பாலிசி காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் முழுவதும் போய்விடும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ மாதக்கணக்கில் சென்று தங்குவோர் புதுப்பிக்கும் தேதியை மறப்பது இங்கே சாதாரணம். முகப்பில் நிற்கும் கார்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கூடுதல் பாதுகாப்புகளை வண்டி ஓடும் ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளச் சேதம் சாதாரண விரிவான பாலிசியிலேயே அடங்கும். ஆனால் நீர் புகுந்த எஞ்சினை மீண்டும் ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால் அந்தச் செலவைப் பெரும்பாலும் மறுப்பார்கள். ஆகவே சென்னையில் ஓடும் காருக்கு எஞ்சின் பாதுகாப்பு அவசியம் என்பேன். ஊரோடு நிற்கும் காருக்கு அவ்வளவு அவசியமில்லை.

இந்த வட்டாரத்தில் அதிகம் சிக்கலாவது ஓன்போர்டு வண்டியை, அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பதிவான வெள்ளை எண் பலகை வண்டியை, வாடகைக்கு விடுவதுதான். உறவினர் திருமணத்துக்கு இலவசமாகக் காரைக் கொடுப்பதில் தவறில்லை. ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தால் போதும். பிள்ளையார்பட்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆளேற்றிச் சென்றாலோ, அது பாலிசியில் குறித்த பயன்பாட்டு வரம்பை மீறியதாகும். வழியில் விபத்து நேர்ந்தால் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் நிராகரிக்க இடமுண்டு. வாடகைக்கு ஓட்டுவதாயின் வாடகை வண்டிக்கான மஞ்சள் எண் பலகைக்கு மாற்றி, வணிக வாகனப் பாலிசி எடுத்துக்கொள்ள வேண்டும்.