ஷன்ட் வைத்த குழந்தைக்கு வயிற்றைக் காயப்போடாதீர்கள்

"ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே, இனிமே பயமில்லையே டாக்டர்?" டிஸ்சார்ஜ் நேரத்தில் இதைக் கேட்பது பெரும்பாலும் பாட்டிதான். பிடி (பிளாலாக்-டவுசிக்) ஷன்ட் வைத்த குழந்தை என்றால் என்னால் உடனே தலையாட்ட முடிவதில்லை.

நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் நீலம் பாரிக்கும் குழந்தைக்கு, கைக்குப் போகும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்கு ஒரு செயற்கைக் குழாயை இணைக்கிறோம். அதுதான் ஷன்ட். பச்சிளம் குழந்தைக்குப் பெரும்பாலும் 3.5 மில்லிமீட்டர் குழாய். இதயத்தின் குறை அப்படியேதான் இருக்கும். அடுத்த ஆபரேஷனைத் தாங்கும் அளவுக்குக் குழந்தை வளர அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

1944 நவம்பர் 29 அன்று பால்டிமோரில் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக், குழாய் இல்லாமல் கைக்குப் போகும் தமனியையே நேராக இணைத்து, இதை முதலில் செய்தபோதும் கதை இதுதான். யோசனை குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டவுசிக்குடையது. ஆய்வுக்கூடத்தில் முறையை உருவாக்கியவர் பிளாலாக்கின் உதவியாளர் விவியன் தாமஸ். அன்று ஆபரேஷன் செய்த பெண் குழந்தை தேறி, சில மாதங்களில் மீண்டும் நீலமாகி, அடுத்த ஆபரேஷனுக்குப் பின் இறந்துபோனது.

இன்று நிலைமை எவ்வளவோ மேல். ஃபாலோ டெட்ராலஜி (இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் பிறவி நோய்) குழந்தைகள் பெரும்பாலும் முழுச் சிகிச்சை வரை வந்துவிடுகிறார்கள். இதயத்தின் ஒரு கீழறை மட்டுமே சரியாக வேலை செய்யும் ஒற்றைக் கீழறைக் குழந்தைகளுக்குத்தான் பாதை கடினம். வட அமெரிக்காவில், இவர்களுக்கான முதல் கட்ட ஆபரேஷனான நார்வுட் ஆபரேஷன் செய்த 549 குழந்தைகளின் ஆய்வு 2010இல் வந்தது. இதயமாற்று இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள், பிடி ஷன்ட் வைத்தவர்களில் 64 சதவீதம். கீழறையிலிருந்தே நுரையீரல் தமனிக்குக் குழாய் இணைத்தவர்களில் 74. மீதிப் பேரில், வீட்டுக்குப் போனபின் இழந்த குழந்தைகளும் உண்டு.

வீட்டில் என்ன ஆபத்து? குழாய் வழியே ரத்தம் அதிகம் பாய்ந்தால் பால் குடிக்கையில் வியர்க்கும், மூச்சு வாங்கும், எடை ஏறாது. அதைவிட நான் பயப்படுவது அடைப்புக்கு. ஆஸ்பிரின் கொடுப்பது அதற்காகத்தான். வாந்தி பேதியில் உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகி, அந்தச் சின்னக் குழாய் சில மணி நேரத்தில் அடைபடலாம். நம் வீடுகளிலோ பேதி என்றதுமே "வயித்தைக் காயப்போடு" என்று பாலை நிறுத்துகிறார்கள். இந்தக் குழந்தைக்கு அது கூடவே கூடாது. பாலும் ஓஆர்எஸ் கரைசலும் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அங்கே போனதும் முதல் வார்த்தை "ஷன்ட் வச்ச குழந்தை" என்பதாக இருக்கட்டும். காறை எலும்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இடைவிடாத இரைச்சல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம். ஆக்சிஜன் அளவு 80 என்று காட்டினால் புதிதாகப் பார்க்கும் டாக்டர் பதறுவார். இவர்களில் பலருக்கு 75 முதல் 85 வரைதான் வழக்கம். உங்கள் குழந்தையின் வழக்கமான அளவு என்ன என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு, சம்மரியின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கி, போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.