தண்ணீரைக் கட்டிவைக்கும் கசகசா

கச்சான் காற்று எழும்பிவிட்டால் திருகோணமலையில் காலைச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்காது. உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் எட்டு மணிக்கே மதில் சுடும். அப்படியொரு காலையில், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்யும் என் பழைய மாணவி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "ரீச்சர், விடியற்காலையில் ஒரு பெரிய கிளாஸ் பழ ஸ்மூத்தி குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பத்தரைக்குள் பசி வந்துவிடுகிறது. அதே பப்பாசியை வெட்டிச் சாப்பிட்ட நாளில் மத்தியானம் வரை தாங்குகிறது. பழம் ஒன்றுதானே, பசி மட்டும் ஏன் மாறுகிறது?"

இருபத்தைந்து ஆண்டுகள் இரசாயனம் படிப்பித்திருக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வி வகுப்பறையில் அபூர்வமாகத்தான் கிடைத்தது. "என்ன போட்டு அடிக்கிறாய் பிள்ளை?" என்று விசாரித்தேன். பப்பாசி, மூன்று மேசைக்கரண்டி சீனி, மூன்று மேசைக்கரண்டி டின்பால். அடித்த பிறகு வடித்தட்டில் வடித்துவிடுவாளாம்.

கலோரிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், அது எளிது. 200 கிராம் பப்பாசியில் ஏறக்குறைய 86 கலோரி இருக்கிறது. அவள் போடும் சீனியில் 140 கலோரிக்கு மேல். டின்பால் 100 கிராமுக்கு 320 கலோரி. 60 கிராம் விழுந்தால் 190. பழம் தருவதைப்போல் கிட்டத்தட்ட நான்கு மடங்கை அந்த இரண்டு பொருள்களே தந்துவிடுகின்றன. அவற்றை நிறுத்தினால் கலோரி இறங்கிவிடும். ஆனால் அவள் கேட்டது பசியைப் பற்றி.

பப்பாசியின் எடையில் நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர். அப்படியானால் வெட்டிய துண்டிலிருந்து அது ஏன் வழிந்தோடிவிடவில்லை? கோடிக்கணக்கான உயிர்க்கலங்களுக்குள் அந்தத் தண்ணீர் பூட்டப்பட்டிருக்கிறது. பற்கள் சில பூட்டுகளை உடைக்கின்றன. மீதியை இரைப்பை கசக்கி உடைக்கிறது. இரைப்பையின் கீழ்வாசலில் உள்ள வளையத்தசை, ஓரிரு மில்லிமீற்றரைவிடப் பெரிய துண்டை இலேசில் வெளியே விடாது. ஆகவே துண்டுகள் உள்ளேயே சுழல்கின்றன, இரைப்பைச் சுவர் விரிந்தபடி இருக்கிறது, அந்த விரிவை உணரும் நரம்புநுனிகள் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பிளெண்டரின் அலகு இந்தப் பூட்டுகளை எல்லாம் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுகிறது. தண்ணீர் அவிழ்ந்துவிட்டது. வடித்தட்டு எஞ்சிய நாரையும் பிடித்து வெளியே எறிந்துவிடுகிறது. பிறகு இரைப்பைக்கு அங்கே செய்வதற்கு என்ன இருக்கிறது?

1977இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் இதைப் பத்துப் பேரிடம் சோதித்தார்கள். ஒரே அளவு ஆப்பிளை முழுப்பழமாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்தார்கள். முழுப்பழத்தைத் தின்ன ஏறக்குறைய 17 நிமிடம், மசித்ததற்கு 6 நிமிடம், சாற்றுக்கு ஒன்றரை நிமிடம். வயிறு நிறைந்த உணர்வும் அதே வரிசையில்தான் குறைந்தது. ஸ்மூத்தி நடுவில் நிற்கிறது. வடிக்காமல் குடித்தால் மசித்த பழத்தின் பக்கம்; வடித்தால் சாற்றின் பக்கம்.

எனவே நான் அவளிடம் சொன்ன முதல் விடயம், வடித்தட்டைக் கழுவி மேலே வைத்துவிடு என்பது. இரண்டாவது, அவிழ்ந்த தண்ணீரைத் திரும்பக் கட்டு என்பது. கட்டுவதற்குக் கயிறு நம் பலசரக்குக் கடையிலேயே இருக்கிறது: கசகசா.

தமிழ்நாட்டு வாசகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே கசகசா என்றால் குருமாவுக்கு அரைக்கும் வெண்ணிற விதை, அபினிச் செடியினுடையது. எங்கள் கடைகளில் கசகசா என்று கேட்டால் கறுத்த சின்ன விதையைத்தான் தருவார்கள். பலூடாவில் கண்ணாடிக் குமிழ்போல் மிதப்பது அதுவே. திருநீற்றுப்பச்சிலையின் விதை. அங்கே அதற்குச் சப்ஜா என்று பெயர். பெயரை நம்பிக் குருமா விதையை ஊறப்போட்டால் விடியும்வரை காத்திருந்தாலும் குமிழ் வராது.

ஒரு தேக்கரண்டி விதையை ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீரில் தூவிவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அரை நிமிடத்துக்குள் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல்நீல மூட்டம் ஒன்று படரும். சில நிமிடங்களில் அந்த மூட்டம் தடித்து, நடுவில் கறுப்புப் புள்ளியுடன் தவளை முட்டைபோல் ஆகிவிடும். கால் மணி நேரத்தில் என் கிளாஸில் பாதியை அந்த ஒரு கரண்டியே நிரப்பிவிட்டது. உலர்ந்தபோது அதன் எடை நான்கைந்து கிராம்தான்.

விதையின் வெளித்தோலில் உள்ள கலங்களுக்குள், சீனி அலகுகள் கோத்த பல்சக்கரைட்டுச் சங்கிலிகள் உலர்ந்து, நெருக்கித் திணிக்கப்பட்டுக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை உப்பி, கலத்தின் வெளிச்சுவரைப் பிளந்துகொண்டு வெளியே பாய்கின்றன. உள்ளே செலுலோசு இழைகள் எலும்புக்கூடுபோல் விறைத்து நிற்கின்றன. அந்த இழைகளுக்கு இடையில் குளுக்கோமன்னன், சைலன் என்ற மென்மையான சங்கிலிகள் விரிகின்றன. இழைகள் இருப்பதால்தான் இந்தக் கூழ் விதையைவிட்டுக் கரைந்து ஓடிவிடாமல் அதைச் சுற்றியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் தண்ணீர் ஏன் உள்ளே வர வேண்டும்? அந்தச் சங்கிலிகளில் நிறைந்திருக்கும் ஐதரொட்சில் கூட்டங்கள் நீர் மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் பிடித்துக்கொள்கின்றன என்பது பாதி விடை. மறுபாதிதான் எனக்கு மிகப் பிடித்தது. சைலன் சங்கிலிகளில் அங்கங்கே அமிலக் கூட்டங்கள் இருக்கின்றன. நீரில் அவை எதிரேற்றம், அதாவது எதிர் மின்னேற்றம், பெறுகின்றன. அவற்றுக்குத் துணையாகச் சோடியம், பொற்றாசியம், கல்சியம் போன்ற நேரேற்ற அயன்கள், அதாவது நேர் மின்னேற்றம் கொண்ட துகள்கள், சுற்றித் திரிகின்றன. இந்த அயன்கள் எதிலும் கட்டப்பட்டவை அல்ல, விரும்பினால் நீந்திப் போகலாம். ஆனால் போவதில்லை. கன்றைக் கட்டிவைத்தால் பசு தூரம் போகுமா? எதிரேற்றம் சங்கிலியில் கட்டப்பட்டிருப்பதால் நேரேற்றமும் கூழுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால் கூழுக்குள் அயன் செறிவு அதிகம், வெளித்தண்ணீரில் குறைவு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த பிரசாரணம் நினைவிருக்கிறதா? செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குத் தண்ணீர் நகரும். அதே விசைதான் இங்கும் வேலை செய்கிறது, மென்சவ்வு ஒன்று இல்லாமலேயே! இழுபட்ட சங்கிலிகள் இனி விரிய முடியாது என்று திரும்ப இழுக்கும்வரை தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. காய்ந்த நிலத்தில் விழுந்த விதைக்கு ஒரு மழைத்தூறல் கிடைத்தால் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கவும், மண்ணோடு ஒட்டிக்கொள்ளவும் இந்தக் கூழ் உதவுகிறது. நாம் அதை இரவல் வாங்குகிறோம்.

செலுலோசையும் குளுக்கோமன்னனையும் உடைக்கும் நொதியம் மனித உடலில் இல்லை. ஆகவே இரைப்பைக்குள் போன பிறகும் இந்தக் கூழ் குலையாமல் நின்று, பானத்தைத் தடிப்பாக வைத்திருக்கிறது. தடிப்பு எவ்வளவு முக்கியம் என்பதை நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016இல் காட்டியது. 15 ஆண்களுக்கு நான்கு வகைப் பானங்கள் கொடுத்து, எம்.ஆர்.ஐ. கருவியால் இரைப்பையைப் படம்பிடித்தார்கள். 100 கலோரி கொண்ட நீர்த்த பானத்தில் பாதி 26 நிமிடமளவில் இரைப்பையை விட்டுப் போய்விட்டது. அதே 100 கலோரிப் பானத்தைத் தடிப்பாக்கியபோது 41 நிமிடம் பிடித்தது. அதைவிட வியப்பு, 100 கலோரித் தடிப்புப் பானம் குடித்தபோது, 500 கலோரி நீர்த்த பானம் குடித்தபோதைவிட வயிறு நிறைந்திருப்பதாக அவர்கள் சொன்னார்கள். இத்தனைக்கும் 500 கலோரிப் பானம்தான் இரைப்பையில் அதிக நேரம் தங்கியிருந்தது. எனவே கதை இரைப்பையோடு முடியவில்லை. வாயில் உணரும் தடிப்பையும் மூளை கணக்கில் சேர்க்கிறது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நிறைந்ததாக உணர்வது வேறு, அடுத்த வேளை உண்மையிலேயே குறைத்துச் சாப்பிடுவது வேறு. அதனால்தான் புரதத்துக்குத் தயிரும் சேர்க்கச் சொல்கிறேன்.

செய்முறை அதிகம் இல்லை. 200 கிராம் பப்பாசி, விதையோடு 100 கிராம் கொய்யா, 100 கிராம் பசும்பால் தயிர், கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு, ஐஸ். மொத்தம் 220 கலோரியை ஒட்டி வரும். கந்தளாய் வீதியோரத்தில் வாங்கும் எருமைச் சட்டித் தயிர் சுவையில் அரசன்தான். ஆனால் எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 100 கிராமுக்குப் பதில் நான்கு மேசைக்கரண்டி போதும். நன்றாக நுரைக்கும்வரை அடியுங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உணவியல் ஆய்வாளர் பார்பரா ரோல்ஸின் குழுவினர், ஒரே கலோரி கொண்ட மில்க்ஷேக்கைக் காற்றால் மட்டும் 300 மில்லிலீற்றரிலிருந்து 600 வரை உப்பவைத்துக் கொடுத்தபோது, பெரிய கிளாஸ் குடித்தவர்கள் அடுத்த சாப்பாட்டில் 12 சதவீதம் குறைத்துச் சாப்பிட்டார்கள். காற்றுக்கு ஏது கலோரி!

கசகசாவைத் தனியாகப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, அடித்து முடித்த பிறகு கரண்டியால் கலக்குங்கள். உலர்ந்த விதையை ஒருபோதும் நேராக வாயில் போடாதீர்கள். அது தொண்டையில் நின்று உப்பினால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள். சலரோக (நீரிழிவு) நோயாளிகள் பழத்தின் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

அன்னாசியும் தயிரும் சேர்ந்தால் நஞ்சு என்று எங்கள் அம்மம்மா சொல்வார். அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அன்னாசியிலுள்ள புரோமலின் என்ற நொதியம் பால்புரதத்தைத் துண்டாடுகிறது. அந்தத் துண்டுகள் கசக்கும். வைத்துக் குடித்தவர்கள் கசப்பைக் கண்டு நஞ்சு என்று எண்ணியிருக்கலாம். அடித்த உடனே குடித்தால் கசப்பும் இல்லை, நஞ்சும் இல்லை. அம்மம்மாவின் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் உடலின் நச்சைக் கழுவும் பானம் என்று ஸ்மூத்திப் பொடியைக் கொள்ளை விலைக்கு விற்பவர்களை மன்னிக்க முடியவில்லை. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் கூலி கேட்காமல் செய்கின்றன.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்த விதையை நாம் தலைமுறைகளாகக் குடிக்கிறோம். ஆனால் இங்கே நான் எடுத்துக்காட்டிய ஆய்வு எல்லாம் வெளிநாட்டு வயிறுகளில் நடந்தவை. இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை ஒட்டிய தொகைதான். நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகம் இருக்கிறது. பிரயோக விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் ஒரே வளாகத்தில் படிப்பிக்கப்படுகின்றன. கசகசாவை ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? பணம் கிடைத்தால் போதும்.

அதுவரை மாணவர்கள் வீட்டிலேயே ஒன்று செய்யலாம். மூன்று கிளாஸில் ஒரே அளவு கசகசா. ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி உப்புக் கரைத்த தண்ணீர், ஒன்றில் கெட்டியான சீனிப்பாகு. அரை மணி நேரம் கழித்து அடிமட்டத்தால் கூழின் உயரத்தை அளந்து எழுதுங்கள். வெளியே அயன்கள் நிறைந்திருந்தால் உள்ளேயிருக்கும் அயன்களின் கை தாழ்ந்துவிடுகிறது என்பதை உப்புக் கிளாஸ் உங்களுக்குக் காட்டும். சீனிக் கிளாஸ் ஏன் பின்தங்குகிறது என்பதை என் பழைய மாணவி தானே கண்டுபிடித்துவிட்டாள். இப்போது அவள் சீனி போட்ட பானத்துக்குள் விதையைத் தூவுவதில்லை.