சிகிச்சை அறையில் இருக்கும் அதே பச்சை வெளிச்சம்

வாரத்தில் இரண்டு நாள், பிற்பகலில், வேலூரில் உள்ள என் கிளினிக்கில் லேசர் சிகிச்சை நடக்கும். வருபவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். சர்க்கரையால் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் கெட்டுப்போனவர்களுக்கு, விழித்திரையின் ஓரப் பகுதிகளில் பச்சை லேசரால் சிறுசிறு புள்ளியாகச் சூடு வைப்போம். சூடு என்றுதான் சொல்ல வேண்டும். 532 நானோமீட்டர் அலைநீளம், சுமார் 200 மில்லிவாட், பத்தில் ஒரு பங்கு நொடி. அவ்வளவிலேயே அந்த இடம் வெந்து வெளுத்துவிடும். நடுப் பார்வையைக் காப்பாற்ற ஓரத்தைக் கொஞ்சம் பலி கொடுக்கிறோம். அதனால் நடு மையத்தைச் சுற்றி அரை மில்லிமீட்டருக்குள் எங்கள் கை போகவே போகாது. கதவில் எச்சரிக்கைப் பலகை தொங்கும். உடன் நிற்கும் சிஸ்டர் அதற்கென்றே உள்ள கண்ணாடி போட்டிருப்பார். நான் பார்க்கும் கருவியில் வடிகட்டி இருக்கிறது.

அதே 532 நானோமீட்டர் வெளிச்சம், பேனா வடிவத்தில், ஒரு பையனின் டிரவுசர் பையிலிருந்து என் மேஜைக்கு வந்தது.

ஆறாம் வகுப்புப் பையன். அம்மாதான் பேசினார். "போர்டுல எழுதுறது நடுவுல மட்டும் தெரியலன்றான் டாக்டரம்மா. கண்ணு செவக்கல, தண்ணி வடியல, வலிக்குதுன்னும் சொல்லல. கண்ணாடி போட்டா சரியாயிடுமா?" இடது கண் 6/6. வலது கண் 6/24, அதாவது மற்றவர் 24 மீட்டரில் படிப்பதை இவன் 6 மீட்டரில்தான் படிப்பான்; எந்தக் கண்ணாடி வைத்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை. சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்தால், விழித்திரையின் நட்ட நடுவில் மஞ்சளாக ஒரு சிறு புள்ளி. விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓசிடி ஸ்கேனில் அந்த இடத்தின் வெளி அடுக்குகள் அறுந்திருந்தன.

"சூரியனை உத்துப் பாத்தியாப்பா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அம்மா பில் கட்ட வெளியே போன பிறகுதான், "லேசர் லைட்டு மேடம்" என்றான். திருவிழாக் கடையில் வாங்கியது. பையன்களுக்குள் ஒரு பந்தயம். ஒருவன் கண்ணுக்கு நேரே அடிப்பான், மற்றவர்கள் பத்து வரை எண்ணுவார்கள், இமைக்காமல் இருப்பவன் ஜெயித்தான். இவன் ஜெயித்திருக்கிறான்.

அவன் அழாததையும் வலிக்கவில்லை என்றதையும் அம்மா நம்பிக்கையோடு சொன்னார். எனக்கு அதைக் கேட்டபோதுதான் கவலை கூடியது. விழித்திரைக்கு வலி தெரியாது. ராணிப்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் வேலை செய்யும் தம்பிகள் 'வெல்டிங் அடிச்சிடுச்சு' என்று ராத்திரியில் துடித்துக்கொண்டு வருவார்கள். மணலை அள்ளிப் போட்ட மாதிரி கண் கரிக்கும். வெல்டிங்கின் புற ஊதாக் கதிர் மேலே உள்ள கருவிழிப் படலத்தைச் சுட்டிருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அது ஆறிவிடும். லேசர் மேற்புறத்தை ஒன்றும் செய்யாமல் கடந்துபோய்ப் பின்னால் இருக்கும் விழித்திரையைச் சுடுகிறது. வலி இல்லாததால் ஆட்கள் தாமதமாக வருகிறார்கள். சிறுவர்கள் அடி விழுமோ என்று பயந்து சொல்வதே இல்லை.

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து காகிதம் எரித்திருப்பீர்கள். கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு வில்லை இருக்கிறது. இருட்டில் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும். அதன் வழியே நுழையும் லேசர் கற்றையைக் கண்ணின் வில்லை 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு) அளவுள்ள புள்ளியாகக் குவித்துவிடும். பரப்பைக் கணக்குப் போட்டால் வெளிச்சத்தின் செறிவு ஒரு லட்சம் மடங்கைத் தாண்டும். சூரியனைப் பார்த்தால்கூட விழித்திரையில் விழும் பிம்பம் இதைவிடப் பல மடங்கு பெரிது, அதனால் அதன் சூடு பரவிவிடும். 2019 டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் வந்தபோது பிள்ளைகளை வெளியே விடாமல் கதவைச் சாத்திய வீடுகள் நம் ஊரில் எத்தனையோ. அதே வீடுகளில் லேசர் பொம்மை அலமாரியில் கிடக்கிறது.

கிரகணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் லேசர் சிகிச்சைக்கே விதை போட்டது ஒரு விபத்துதான். 1945 ஜூலையில் நடந்த கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துக் கண் கெட்டவரைப் பரிசோதித்த ஜெர்மானிய மருத்துவர் மேயர்-ஷ்விக்கெராத், இப்படி வெளிச்சத்தால் விழித்திரையைச் சுட முடியுமென்றால் அதையே வைத்தியமாக்கலாமே என்று யோசித்தார். முதலில் சூரிய ஒளியையும் பிறகு செனான் விளக்கையும் பயன்படுத்தினார். 1960-ல் லேசர் பிறந்த பிறகு அது எங்கள் அறைக்குள் வந்தது. நான் அளந்து வைக்கும் அதே காயத்தை, அளவில்லாமல், வைக்கவே கூடாத நடு மையத்தில் வைத்துவிடுகிறது அந்தப் பேனா.

சரி, பாயின்டர் எனப்படும் இந்த லேசர் பேனாக்களில் பாதுகாப்பானது இல்லையா என்றால், இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் லேசரில் 1 மில்லிவாட்டுக்குள் இருப்பது வகுப்பு 2. கூச்சத்தில் நாம் கால் நொடிக்குள் இமைத்துவிடுவோம், அதற்குள் காயம் ஆகாது என்ற கணக்கில் போட்ட வரம்பு அது. பையன்களின் பந்தயம் அந்தக் கணக்கையே உடைத்துவிடுகிறது. 5 மில்லிவாட் வரை வகுப்பு 3ஆர். 5 முதல் 500 வரை வகுப்பு 3பி, இதன் நேரடிக் கற்றை ஆபத்தானது. 500-க்கு மேல் வகுப்பு 4. அதில் சுவரில் விழும் புள்ளியைக் கிட்டத்தில் நின்று பார்ப்பதுகூடக் கண்ணுக்குக் கெடுதல்.

ஆனால் லேபிளை எந்த அளவுக்கு நம்புவது? அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 122 பாயின்டர்களை வாங்கி அளந்து, 2013-ல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்குள் அடங்கவில்லை. கடைக்காரரும் ஏமாற்ற நினைத்து விற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தெரியாது.

பச்சைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவான பச்சைப் பாயின்டருக்குள் நேரடியாகப் பச்சை பிறப்பதில்லை. 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடு (லேசர் ஒளியை உண்டாக்கும் சிறு பாகம்) ஒரு படிகத்தைத் தூண்டும். அதிலிருந்து 1064 வரும். இன்னொரு படிகம் அதன் அலைநீளத்தைப் பாதியாக்கி 532 பச்சையாக்கும். மிச்ச அகச்சிவப்பைத் தடுக்க ஒரு சிறு வடிகட்டி வேண்டும். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கதிரும் சேர்ந்து வெளியே வரும். தெரியாத வெளிச்சத்துக்குக் கண் இமைக்காது.

கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதை வைத்துச் சக்தியை எடைபோடுவதும் தப்பு. நம் கண் பச்சையை நன்றாக உணரும், 405 நானோமீட்டர் ஊதாவை மிக மங்கலாகத்தான் உணரும். 'டல்லா இருக்கு மேடம், அதான் கிட்ட வச்சுப் பார்த்தேன்' என்று ஊதா லேசர்காரர்கள் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இனி பொழுதுபோக்காக லேசரைக் கையாளும் தம்பி தங்கைகளிடம் பேச வேண்டும். காட்பாடி, பாகாயம் பக்கம் கல்லூரி விடுதிகளில் இது ஒரு பெரிய ஆர்வமாகவே வளர்ந்திருக்கிறது. ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு இறுதியாண்டு மாணவர் பழைய புரொஜெக்டரிலிருந்து நீல டையோடைக் கழற்றி, ஒரு வாட்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறார். பாதுகாப்புக் கண்ணாடியும் வைத்திருந்தார். கண்ணாடி போட்டால் புள்ளி தெரியவில்லை என்று ஃபோகஸ் பண்ணும்போது மட்டும் கழற்றினார். மேஜையில் இருந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியில் பட்டுத் திரும்பிய கற்றை கண்ணுக்குள் போய்விட்டது. விழித்திரையில் ரத்தம் கசிந்து, பிறகு நடுவில் ஓட்டை விழுந்தது. அறுவை சிகிச்சையில் ஓட்டை மூடிக்கொண்டது. அந்தக் கண்ணால் புத்தகம் படிக்க இன்னும் சிரமப்படுகிறார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிய காரணம் எனக்குப் புரிகிறது, எல்லோருக்கும் அந்தத் தொல்லை உண்டு. அதற்கு வழி, புள்ளியைக் கண்ணால் பார்க்காமல் மொபைல் கேமராவை ஸ்டாண்டில் வைத்துத் திரையில் பார்ப்பது. இல்லையென்றால் கரென்ட்டைக் குறைத்து, மிகக் குறைந்த சக்தியில் ஃபோகஸ் பண்ணுவது.

கண்ணாடி வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு ஓ.டி. (ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு) என்று எழுதியிருக்க வேண்டும். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஒரு வாட் நுழைந்தாலும் 0.1 மில்லிவாட்டாகிவிடும். பச்சைப் பாயின்டருக்கு 532 மட்டும் போதாது, 808-ம் 1064-ம் தடுக்கப்பட வேண்டும். நீலத்துக்கு வாங்கியது பச்சைக்கு உதவாது. கூலிங் கிளாஸ் எதற்குமே உதவாது.

விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். இருட்டறையில் கற்றை அழகாகத் தெரியும், ஆனால் கண்மணி விரிந்து கிடக்கும். வெளிச்சத்தில் அது 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கி, நுழையும் ஒளி பெருமளவு குறையும். கற்றையின் உயரம், உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கும் நிற்பவர் கண்ணுக்கும் சமமாக இருக்கக் கூடாது. அது போய் முடியும் இடத்தில் ஒரு செங்கல் வையுங்கள். வாட்ச், மோதிரம், நிலைக்கண்ணாடி, எவர்சில்வர் எல்லாம் அறைக்கு வெளியே. வீட்டில் குழந்தை இருந்தால் வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோலில் டிசைன் வெட்டும் பெரிய இயந்திரங்களில் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும். அதன் 10.6 மைக்ரான் கதிர் விழித்திரை வரை போகாது, கருவிழிப் படலத்தைத்தான் சுடும். தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி அதைத் தடுக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நீல டையோடு எங்கிரேவர் (லேசரால் செதுக்கும் கருவி) வாங்குபவர்கள், அதே தெளிவான கண்ணாடி போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். நீலக் கதிர் அதற்குள் அப்படியே நுழைந்து வந்துவிடும். குரோம் பதனிட்ட தோலை வீட்டில் சுட வேண்டாம், அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு.

வானம் பார்க்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் ஜவ்வாது மலை போன்ற இருட்டான இடத்தில் நட்சத்திரம் காட்ட 5 மில்லிவாட் பச்சை தாராளம். சுற்றிலும் கண்மணி முழுக்க விரிந்த பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் மட்டும் அது இருக்கட்டும், காட்டியதும் அணைத்துவிடட்டும். விமானம் பக்கமே திரும்பக் கூடாது, விமானி சில நொடிகள் எதுவும் தெரியாமல் திணறிப்போவார்.

கண்ணில் பட்டுவிட்டதென்று சந்தேகம் வந்தால், கணக்கு நோட்டின் கட்டம் போட்ட பக்கத்தை எடுத்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ஒரு கண்ணை மூடி, மற்றதால் புள்ளியையே பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். கோடு வளைந்தாலோ, நடுவில் ஒரு கட்டம் காணாமல் போனாலோ, மங்கல் ஒரு நாளுக்கு மேல் நின்றாலோ, ஓசிடி ஸ்கேன் உள்ள கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டம் நேராகத் தெரிந்தாலும் குழந்தைகளை ஒரு முறை காட்டிவிடுங்கள். மருந்துக்கடையில் சொட்டு வாங்கி விட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். இதற்கென்று நிரூபணமான மருந்து கிடையாது, சிலருக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்க்கிறோம். காயத்தின் ஆழத்தைப் பொறுத்துச் சிலருக்குப் பார்வை மெல்லத் திரும்பும். அந்த ஆறாம் வகுப்புப் பையனுக்கு நான்கு மாதத்தில் 6/24 இப்போது 6/12 ஆகியிருக்கிறது. கட்டத்தில் காணாமல் போன இடத்தை ஒவ்வொரு முறையும் பென்சிலால் வரைந்து கொண்டு வருகிறான். அது சின்னதாகிக்கொண்டு வருகிறது, மறையவில்லை.

மருத்துவரிடம் போகும்போது அந்தப் பாயின்டரையும் எடுத்துக்கொண்டு போங்கள். அலைநீளமும் சக்தியும் தெரிந்தால் காயத்தைப் புரிந்துகொள்வது எங்களுக்குச் சுலபம். பேட்டரியைக் கழற்றிவிட்டு எடுத்துப் போங்கள். பிள்ளையை அடிக்க வேண்டாம். அடி விழுந்தால், பந்தயத்தில் உடன் நின்ற மற்ற பையன்கள் யார் யார் என்று அவன் சொல்லாமல் போய்விடுவான். அவர்கள் கண்களையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.