நோய் வராத வீட்டுக் கதவையும் ஏன் தட்டுகிறோம்?

ஒரு தெருவில் நான்கைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தவுடன், சுகாதார ஆய்வாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் அந்தத் தெரு முழுவதும் வீடு வீடாகச் செல்வார்கள். எவருக்கும் நோய் இல்லாத வீட்டில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல சார், எதிர்த்த வீட்ல போய்க் கேளுங்க" என்பதுதான். காவிரிக் கடைமடைப் பகுதியில் பொதுச் சுகாதாரப் பணி செய்யும் மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாங்கள் தேடி வரும் விடையில் பாதி, நோய் வராத அந்த வீட்டில்தான் இருக்கிறது.

எபிடெமியாலஜி எனப்படும் நோய்ப்பரவலியல், நோயுற்றோரையும் நோயுறாதோரையும் ஒப்பிட்டு, யாருக்கு, எங்கே, எப்போது வந்தது என்று எண்ணிப் பார்க்கும் துறை. "எங்கள் பகுதியில் இருபது பேருக்கு வாந்தி பேதி" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஐம்பது பேர் வசிக்கும் தெருவில் இருபது என்பது வேறு, ஐயாயிரம் பேர் வசிக்கும் ஊரில் இருபது என்பது வேறு. யாரை நோயாளியாகக் கணக்கில் சேர்ப்பது என்பதையும் முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால்தான் வயிற்றுப்போக்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இந்த வரையறை இல்லாவிட்டால், ஒருவர் எண்ணியதும் இன்னொருவர் எண்ணியதும் ஒத்துப்போகாது.

இவ்வாறு எண்ணிப் பார்ப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. லண்டன் நகரின் வாராந்திர இறப்புப் பட்டியல்களைத் தொகுத்து ஜான் கிரான்ட் என்னும் வணிகர் 1662-இல் நூல் வெளியிட்டார். ஆனால் பாடநூல்கள் எல்லாம் நின்று பேசுவது 1854-ஆம் ஆண்டு லண்டனில்தான். சோஹோ பகுதியின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த கைபம்பின் பிடியைக் கழற்ற வைத்த மருத்துவர் ஜான் ஸ்னோவின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பிடி கழற்றப்பட்ட செப்டம்பர் 8-ஆம் தேதிக்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதால், அந்தக் கதைக்குக் கிடைக்கும் புகழ் சற்று அதிகம் என்பது என் கருத்து. எனக்கு வியப்பளிப்பது, நோய் வராதவர்களை அவர் விசாரித்த விதம். அருகிலிருந்த ஆதரவற்றோர் இல்லத்தில் 535 பேர் இருந்தும் ஐந்து பேர் மட்டுமே காலராவால் இறந்தனர். அந்த இல்லத்துக்குத் தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுபான ஆலைத் தொழிலாளர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரில் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

தென் லண்டனில் அவர் செய்த கணக்கு இதைவிட உறுதியானது. அங்கே இரண்டு நிறுவனங்களின் குடிநீர்க் குழாய்கள் ஒரே தெருக்களில் கலந்து ஓடின. லாம்பெத் நிறுவனம் 1852-இல் தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் எடுக்கும் இடத்தை நகரச் சாக்கடைகளுக்கு மேற்புறமாக மாற்றிவிட்டது. சவுத்வார்க்-வாக்ஸால் நிறுவனம் மாற்றவில்லை. அடுத்தடுத்த வீடுகள், அதே காற்று, அதே வருமானம், தண்ணீர் மட்டும் வேறு. சவுத்வார்க்-வாக்ஸால் தண்ணீர் சென்ற 40,046 வீடுகளில் 1,263 பேர் இறந்தனர். லாம்பெத் தண்ணீர் சென்ற 26,107 வீடுகளில் 98 பேர். பத்தாயிரம் வீடுகளுக்கு 315 என்றும் 37 என்றும் வரும் இந்த வேறுபாட்டுக்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்துக் காட்டியது 1884-இல், அதாவது முப்பது ஆண்டுகள் கழித்துத்தான்.

நம் ஊர்க் காதணி விழா ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். விருந்துண்ட 200 பேரில் 50 பேருக்கு வயிற்றுப்போக்கு. அவர்களில் 45 பேர் சாம்பார் சாப்பிட்டவர்கள். உடனே ஊரே சமையல்காரரைத் திட்டும். நலமாக இருக்கும் 150 பேரிடமும் கேட்டால், அவர்களிலும் 135 பேர் சாம்பார் சாப்பிட்டிருப்பார்கள். ஆக, சாப்பிட்டோரிலும் நான்கில் ஒருவருக்கு நோய், சாப்பிடாதோரிலும் நான்கில் ஒருவருக்கு நோய். சாம்பார் மீது குற்றமில்லை. மாறாக, மண்டபத்துத் தொட்டித் தண்ணீர் குடித்த 80 பேரில் 44 பேருக்கும், கேன் தண்ணீர் குடித்த 120 பேரில் 6 பேருக்கும் நோய் வந்திருந்தால், 55 விழுக்காடும் 5 விழுக்காடும் சந்தேகத்தை எங்கே திருப்ப வேண்டும் என்று காட்டிவிடும். புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் பற்றி ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950-இல் வெளியிட்ட ஆய்வும், புற்றுநோயாளிகளிடம் கேட்ட கேள்விகளையே புற்றுநோய் இல்லாதவர்களிடமும் கேட்டு எழுந்ததுதான்.

கடைமடை ஊர்களில் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கக் காரணமும் உண்டு. விசை போதாமல் தண்ணீர் மேலேறாத தெருக்களில், குழாயடியில் இடுப்பளவு குழி தோண்டி, உள்ளே இறங்கிக் குடத்தை வைத்துப் பிடிப்பார்கள். மழை பெய்தால் அந்தக் குழியில் சேறும் சாக்கடையும் தேங்கி, குழாயின் வாய் அதற்குள் மூழ்கிவிடும். மோட்டாரை நிறுத்தியதும் குழாய்க்குள் விசை குறையும். அந்நேரம் குழித் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் சரியாகப் போட்டிருந்தாலும், அதே தெருவின் கடைசி வீட்டில் குளோரின் இருப்பதைக் காட்டும் மஞ்சள் நிறம் சோதனைக் குப்பியில் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம். காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா கண்டறியப்பட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும், காலரா பழங்கதையாகிவிடவில்லை.

காலராவில் புதிதாக எத்தனை பேருக்கு வருகிறது என்பதே முக்கியம். வந்தவர் சில நாட்களில் தேறிவிடுவார், அல்லது கவனிக்காவிட்டால் சில மணி நேரத்திலேயே இறக்கவும் நேரிடும். கும்பகோணத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட யானைக்கால் நோய் நேர்மாறானது. வீங்கிய கால் ஆயுளுக்கும் இருக்கும் என்பதால், வீதியில் காணும் கால்களை எண்ணினால் தெரிவது பல ஆண்டுகளுக்கு முன் நடந்த பரவல். அந்தக் கால்களுக்கு உரியவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுக்களே, அதாவது இந்நோயை உண்டாக்கும் புழுவின் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளே, இருப்பதில்லை. எந்த வீக்கமும் இல்லாமல் நடமாடுபவரின் இரத்தத்தில்தான் அவை இருந்து, இரவில் கடிக்கும் கொசுவுக்காகக் காத்திருக்கும். ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் மேன்சன் 1877-இல் சீனாவில் கொசுவின் பங்கைக் கண்டறிந்தார். நுண்புழுக்கள் இரவில்தான் வெளி இரத்த ஓட்டத்துக்கு வருகின்றன என்பதையும் பின்னர் அவரே காட்டினார். இரவு எட்டு மணிக்கு மேல் எங்கள் பணியாளர்கள் விரல் நுனி இரத்தம் கேட்டு வருவது இதனால்தான்.

கூட்டு மருந்து வழங்கல், அதாவது நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரார் அனைவருக்கும் யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரை கொடுப்பது, முடிந்த பகுதிகளில், தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஆறேழு வயதுக் குழந்தைகளைச் சோதிப்பதும் உண்டு. "நல்லா இருக்கிற பிள்ளைய ஏன் குத்துறீங்க?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. இந்தச் சோதனை நுண்புழுவைத் தேடாமல், வளர்ந்த புழு இரத்தத்தில் விடும் தடயத்தைத் தேடுவதால், இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு போதும். அந்தக் குழந்தையின் உடலில் புழுவின் தடயம் தென்பட்டால், அது அண்மை ஆண்டுகளில் நுழைந்ததாகத்தான் இருக்க முடியும். இப்படிப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், அந்தப் பகுதியில் பரவல் இன்னும் நிற்கவில்லை என்று அறிந்து, மருந்து வழங்கலை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.