காசு போச்சு, டிக்கெட் வரலையே!

கம்யூனிட்டி டெக் கான்ஃபரன்ஸ் நடத்துறவங்க டிக்கெட் சேல்ஸ்னு வந்தாலே முதல்ல கேக்குறது "சர்வர் தாங்குமா?"ன்னுதான். பேமென்ட் சைடுல வேலை பாக்குறவனா சொல்றேன், 300 சீட் ஹாலுக்கு ஒரு சாதாரண மெஷினே தாங்கும். அடி விழுறது வேற இடத்துல. ஒருத்தர் "புக்" அழுத்துறதுக்கும் அவர் காசு வந்துச்சுன்னு நமக்குத் தெரியுறதுக்கும் நடுவுல இருக்கே அந்த பத்து நிமிஷம், அங்கதான்.

நிறைய குரூப்ல கூகுள் ஃபார்ம், கூடவே ஒரு வாலண்டியரோட க்யூஆர் கோடு, ஸ்க்ரீன்ஷாட் அப்லோட் பண்ணுங்கன்னு ஆரம்பிப்பாங்க. சின்ன மீட்டப்புக்கு ஓகே. ஆனா 300 பேர் வந்ததும் க்யூஆர் கோடு காசு வாங்குறதை நிறுத்தாது, ஸ்க்ரீன்ஷாட்டையும் யார் வேணா எடிட் பண்ணிடலாம். வேற வழியே இல்லன்னா ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் தனியா வர்ற 12 இலக்க யூடிஆர் நம்பரைக் கேட்டு வாங்கி பேங்க் ஸ்டேட்மென்ட்டோட ஒத்துப் பாருங்க.

சொந்தமா சைட் எழுதுறவங்க மாட்டுறது இன்னொண்ணு. மிச்சம் எத்தனைன்னு டேட்டாபேஸ்ல படிச்சுட்டு, அப்புறம் ஒண்ணு குறைச்சு எழுதுற கோடு. கடைசி சீட்டுக்கு ரெண்டு பேர் ஒரே நேரத்துல வந்தா ரெண்டு பேருக்கும் 1-னுதான் தெரியும், ரெண்டு பேருக்கும் டிக்கெட் போயிடும். படிக்கிறதும் குறைக்கிறதும் ஒரே கமாண்டா இருக்கணும், இல்லன்னா ரோ லாக் போடணும், அதாவது ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அந்த வரியை இன்னொருத்தர் தொட முடியாம பூட்டணும். டெஸ்ட் பண்றப்போ நீங்க ஒருத்தரே கிளிக் பண்றதால இது கண்ணுலயே படாது.

இப்போ அந்த பத்து நிமிஷத்துக்கு வருவோம். ஒருத்தருக்காக சீட்டைக் கொஞ்ச நேரம் ஹோல்டு பண்ணிட்டீங்க, அவர் யூபிஐ ஆப்புக்குப் போறார், பின் போடுறார், பேங்க் சர்வர் இழுக்குது, "ப்ராசஸிங்"னு சுத்திக்கிட்டே இருக்கு, அதுக்குள்ள உங்க டைமர் முடிஞ்சு சீட்டு அடுத்தவருக்குப் போயிடுச்சு, அப்புறம் பார்த்தா "பேமென்ட் சக்சஸ்"னு பேமென்ட் கேட்வேல (நமக்காக காசு வாங்கித் தர்ற கம்பெனி) இருந்து வெப்ஹுக், அதாவது உங்க சர்வருக்குத் தானா அனுப்புற மெசேஜ், வருது! காசு உங்ககிட்ட, சீட்டு வேற ஒருத்தர்கிட்ட. ஃபெயிலான பேமென்ட்னா ஆர்பிஐ 2019-ல போட்ட ரூல் இருக்கு, கடைக்கு யூபிஐல கட்டி அக்கவுண்ட்ல பிடிச்சிட்டு கன்ஃபர்மேஷன் போகலன்னா காசு கட்டின நாள்ல இருந்து 5 நாளுக்குள்ள (டி+5) பேங்க் தானா திருப்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய். ஆனா இங்க பேமென்ட் ஃபெயிலே ஆகல, உங்களுக்கு வந்து சேர்ந்துடுச்சு. அதனால திருப்பித் தர வேண்டியது நீங்கதான்.

இதுக்கு நான் எப்பவும் சொல்றது, காசு கட்டக் குடுக்குற டைமை (பேமென்ட் எக்ஸ்பைரி) 10 நிமிஷம்னு வச்சா சீட் ஹோல்டை 15-ன்னு வைங்க, தலைகீழா வைக்காதீங்க. லேட்டா வந்த காசுக்கு சீட்டு இருந்தா குடுங்க, இல்லன்னா அப்பவே ஆட்டோ ரீஃபண்ட், கூடவே மெயில். ஸ்பீக்கர், ஸ்பான்சர் கோட்டால நாலஞ்சு சீட்டைக் கைல வச்சிருந்தா இந்த மாதிரி ஆளுங்களுக்கு உதவும். வெப்ஹுக் ஒரே பேமென்ட்டுக்கு ரெண்டு தடவை கூட வரும், பேமென்ட் ஐடியைப் பார்த்து ரெண்டாவதை விட்டுடுங்க. "தேங்க் யூ" பேஜ் வந்தாதான் டிக்கெட்னு மட்டும் எழுதவே எழுதாதீங்க, பாதி பேர் யூபிஐ ஆப்ல இருந்து பிரவுசருக்குத் திரும்பியே வர மாட்டாங்க.

கூட்டத்தையே பிரிக்கவும் வழி இருக்கு. ஜெர்மனில கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ்னு ஒரு ஹேக்கர் கான்ஃபரன்ஸ் நடத்துறவங்க ப்ரீடிக்ஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் டிக்கெட் சாஃப்ட்வேர்ல விக்கிறாங்க. முதல்ல கம்யூனிட்டி குரூப்களுக்கு வவுச்சர் (டிக்கெட் வாங்க விடுற கோடு), அதை வச்சு வாங்கிக் காசு கட்டினதும் நண்பருக்குக் குடுக்க இன்னொரு வவுச்சர் வரும், அப்புறம்தான் பொது சேல், அதுவும் முன்கூட்டியே சொன்ன தேதிகள்ல ரெண்டு மூணு ரவுண்டா. நைட் ஷிஃப்ட் ஆளு, காலேஜ் பொண்ணு எல்லாருக்கும் ஏதாவது ஒரு ரவுண்டாவது செட் ஆகும். நம்ம ஊர்ல இன்னும் "காலைல 10 மணிக்கு ஓப்பன்"னு ஒரே ஷாட்தான், ஏன்னே தெரியல.

வாங்குறவங்களுக்கு ஒண்ணு. சோல்ட் அவுட் ஆனதும் வாட்ஸ்அப் குரூப்ல "என் டிக்கெட் தரேன்", "ரீஃபண்ட் டீம்ல இருந்து பேசுறோம்"னு ஆளுங்க வருவாங்க. டிக்கெட் கைமாத்துறதை நடத்துறவங்களோட சைட்டுல பேர் மாத்தி மட்டும் பண்ணுங்க. ரீஃபண்ட் வாங்க யூபிஐ பின் போடவே வேண்டாம், பின் கேட்டா உங்க காசு வெளிய போகுதுன்னு அர்த்தம். நடத்துறவங்க ரீஃபண்ட் மெயில்லயே இந்த வரியைச் சேர்த்துடலாம்.