சொல் விளக்கம்: செரீன் புரோட்டியேஸ் மறைமுகச் செயலூக்கி

ஆய்வகங்களுக்கு வேதிப்பொருள் விற்பவர்களின் பட்டியல்களில் ‘ஆக்டிவேட்டர்’ என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். புரதத்தை வெட்டும் செரீன் புரோட்டியேஸ் நொதிகளுக்கும் அப்படிப்பட்ட பட்டியல்கள் உண்டு. அவற்றில் வரும் சேர்மங்களில் பல, அந்த நொதியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவை. செல்லுக்குள் வேறெங்கோ ஒரு வேலையைத் தொடங்கிவைக்கும். அது கைமாறிக் கைமாறி, கடைசியில் நொதியின் செயல்பாடு கூடும். ‘மறைமுக’ என்ற அடைமொழி குறிப்பது இந்தச் சுற்றுவழியைத்தான்.

முதலில் பெயரைப் பிரிப்போம். செரீன் ஓர் அமினோ அமிலம். 1865இல் எமில் கிராமர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் பட்டுப் பசையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். கச்சாப் பட்டை சோப்புக் கரைசலில் வேகவைத்தால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு கரைந்து போகுமே, அந்தப் பசைதான். பட்டுக்கு லத்தீனில் ‘செரிக்கும்’ என்று பெயர். அதிலிருந்து வந்தது செரீன். தமிழ்க் காதுக்கு இது செரிமானம் போலக் கேட்கும். சிறுகுடலில் புரதத்தைச் செரிக்கவைக்கும் டிரிப்சினும் செரீன் புரோட்டியேஸ்தான் என்பதால், பொருத்தம் பார்த்துப் பெயர் வைத்தது போலவே தோன்றும். முழுக்கத் தற்செயல், முடிச்சுப் போட வேண்டாம்.

புரோட்டியேஸில் முன்பாதி புரோட்டீன். ‘முதலிடத்தில் இருப்பது’ என்ற கிரேக்கப் பொருளோடு ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் பரிந்துரைத்து, 1838இல் டச்சு வேதியியலாளர் முல்டர் அச்சேற்றிய சொல். ‘ஏஸ்’ என்ற வால், 1833இல் முளைகட்டிய பார்லியிலிருந்து பிரித்த டயஸ்டேஸ் என்ற நொதியிலிருந்து ஒட்டிக்கொண்டது. பிறகு கண்ட நொதிகளுக்கெல்லாம் அதே வால்.

செரீன் புரோட்டியேஸ் என்றால் செரீன் அடங்கிய நொதி என்று பொருள் கொள்ளக் கூடாது. செரீன் கிட்டத்தட்ட எல்லாப் புரதத்திலும்தான் இருக்கிறது. வெட்டும் வேலையை ஒரு குறிப்பிட்ட செரீன் செய்கிறது என்பதே பெயரின் பொருள். கைமோடிரிப்சினில் அது 195ஆம் இடத்தில் உள்ளது. பக்கத்தில் வந்து மடியும் 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து ஆஸ்பார்டேட் என்ற இரு அமினோ அமிலங்களும் சேர்ந்து அந்தச் செரீனின் ஆக்சிஜனைக் கூர்தீட்டுகின்றன; அது அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பைத் தாக்குகிறது. இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின், உறைந்ததைக் கரைக்கும் பிளாஸ்மின் இரண்டுமே இந்தக் குடும்பம்.

இப்படிப்பட்ட கத்திகளை உடல் திறந்து வைத்திருப்பதில்லை. டிரிப்சினோஜன், பிளாஸ்மினோஜன் என்று செயலற்ற முன்வடிவமாகவே உருவாக்கும். வெட்டிவிட இன்னொரு நொதி வேண்டும். வெட்டிய பிறகும் அடக்கிவைக்கத் தடுப்புப் புரதங்கள் சுற்றிலும் இருக்கும். ஆகவே சிறு மூலக்கூறு ஒன்று நேரே போய் நொதியை முடுக்குவது அரிது. சுற்றுவழிக்கோ பல வாசல்கள்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பி.எம்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபோர்பால் எஸ்டர். இது கிடைப்பது நம் நேர்வாளத்திலிருந்து: சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கும் அதே விதை. தோலில் கட்டி வளர்வதை இது ஊக்குவிக்கும் என்று முன்பே தெரிந்திருந்தது. வளர்ப்புச் செல்களில் இதைச் சேர்த்தால் பிளாஸ்மினோஜனை வெட்டும் நொதி கூடுகிறது என்பது 1976இல் வெளியானது. சோதனையைக் கண்ணாலேயே பார்க்கலாம். செல்களின் மேல் பால்புரதமும் பிளாஸ்மினோஜனும் கலந்த அகார் கூழை ஊற்றினால் வெண்படலமாக இறுகும். பிளாஸ்மின் உருவாகும் இடத்தில் பால்புரதம் வெட்டுப்பட்டு, வெண்மைக்கு நடுவே தெளிந்த வட்டம் விழும். பி.எம்.ஏ. சேர்த்த தட்டில் வட்டங்கள் பெருகும். ஆர்.என்.ஏ. உருவாகவிடாமல் செல்லைத் தடுத்துவிட்டால் அந்தப் பெருக்கம் இல்லை. ஏனென்றால் பி.எம்.ஏ. கிளப்புவது புரோட்டீன் கைனேஸ் சி என்ற வேறொரு நொதியை. அதன் சமிக்ஞை மரபணுவரை போய், யூரோகைனேஸ் புதிதாக உருவாகி, அது பிளாஸ்மினோஜனை வெட்ட வேண்டும். யூரோகைனேஸ், பிளாஸ்மின் இரண்டும் செரீன் புரோட்டியேஸ்கள், இரண்டையும் பி.எம்.ஏ. தொடவில்லை.

டெஸ்மோபிரெசின் என்ற மருந்து புதிதாக எதையும் உருவாக்கச் சொல்வதில்லை. இரத்தக்குழாய்ச் சுவரின் செல்களில் ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் டி.பி.ஏ.வை, அதாவது பிளாஸ்மினோஜனை வெட்டும் இன்னொரு செரீன் புரோட்டியேஸை, வெளியே விடவைக்கிறது. வைட்டமின் கே வேறு ரகம். கல்லீரல் செல்களில், த்ராம்பினின் முன்வடிவமான புரோத்ராம்பினில் உள்ள சில குளுட்டமேட் அமினோ அமிலங்களுக்குக் கூடுதலாக ஒரு கார்பாக்சில் தொகுதி ஏறுவதற்கு அது வேண்டும். அது ஏறாவிட்டால் கால்சியத்தைப் பிடிக்க முடியாது. புரோத்ராம்பின் ஒழுங்காகத் த்ராம்பினாக மாறாது. பிறந்த குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே ஊசியின் பின்னால் உள்ள கணக்கு இதுதான்.

இனி தமிழ்ச் சொல். புரோட்டியேஸைப் புரதச்சிதைப்பு நொதி என்பதைவிடப் ‘புரதப்பகுப்பு நொதி’ என்பது நல்லது. த்ராம்பின், இரத்த உறைவுக்கான புரதமான ஃபைப்ரினோஜன் ஒன்றை நான்கே இடத்தில்தான் நறுக்குகிறது. அதைச் சிதைப்பது என்றால் அநியாயம். இலங்கை வழக்கில் எழுதுபவர்கள் நொதியை நொதியம் என்பார்கள், தாராளமாக எழுதலாம். ஆக்டிவேட்டருக்கு வெறும் ‘ஊக்கி’ போதாது, ஏனெனில் வினையூக்கி என்றால் நொதியும் அதில் அடக்கம். ‘தூண்டி’ என்றால் மரபணுவை இயக்கத் தொடங்கவைக்கும் பொருளோடு குழம்பும், பி.எம்.ஏ.வுக்குச் சரி, டெஸ்மோபிரெசினுக்குச் சரிவராது. கூடுவது எந்த வழியில் என்று சொல்லாமல், கூடுவது செயல்பாடு என்று மட்டும் சொல்லும் ‘செயலூக்கி’யே என் தேர்வு. எதிர்ப்பக்கத்தில், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினை ‘மறைமுகத் தடுப்பான்’ என்று எழுதுவதற்கும் இது இசைவாக இருக்கும். அது ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தின் வழியாகத்தான் த்ராம்பினை அடக்குகிறது.

மாரடைப்புக்குக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸில் ஒரு சிக்கல் உண்டு. தனக்கென்று வெட்டும் திறன் இல்லாத புரதம் என்பதால் அதையும் மறைமுகம் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அது பிளாஸ்மினோஜனோடு நேரே ஒட்டிக்கொண்டு, அதன் வடிவத்தையே மாற்றி வேலை வாங்குகிறது. அதை நான் ‘செயலூக்கி’ என்று மட்டும்தான் எழுதுவேன்.