கல்பாத்தியின் பொதுச்சுவர்

ஏப்ரல் மாதப் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இப்போது புதுச் செய்தி அல்ல. 2024 ஏப்ரலில் வானிலைத் துறை இங்கே வெப்ப அலை என்றே அறிவித்தது. மேற்குத் தொடர்ச்சி மலை இந்த இடத்தில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகிக் கிடக்கிறது. ஜூனில் தென்மேற்குக் காற்று இந்தக் கணவாய் வழியாகத்தான் பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் பாய்கிறது. பனிக்காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் போக்கு மாறி, கோவைச் சமவெளியின் வறண்ட காற்று இந்தப் பக்கம் வருகிறது. கொச்சியில் வியர்வை காயாது. பாலக்காட்டில் உதடு வெடிக்கும்.

இந்த வெயிலுக்கு நடுவே, நகரத்துக்குள்ளேயே, கல்பாத்திப் புழையின் (ஆற்றின்) கரையில் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று தமிழ்க் கிராமங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. (நகராட்சிக்குள் இருந்தாலும் பாலக்காட்டுத் தமிழர்கள் அக்ரகாரத்தைக் கிராமம் என்றே சொல்வார்கள்.) இரண்டு வரிசை வீடுகள், நடுவில் தெரு, கோடியில் கோயில். வெளியே அனல் பறக்கும் மதியத்தில் ஒரு பழைய வீட்டின் வாசலை அடுத்த ரேழியைத் தாண்டிக் கூடத்துக்குள் போனால் உடம்பு உடனே வித்தியாசத்தை உணரும். அந்தக் குளிர்ச்சியை அந்த ஒரு வீட்டுக்குள் மட்டும் தேடினால் காரணம் அகப்படாது. வரிசை முழுவதையும் ஒரே கட்டடமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முன்பக்கம் 5 மீட்டர், நீளம் 25 மீட்டர், சுவர் உயரம் 4 மீட்டர் உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். அது தோட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றால் வெயிலைப் பார்க்கும் சுவர்ப் பரப்பு 240 சதுர மீட்டர். அதே வீடு வரிசையில் நின்று, இரு பக்கச் சுவர்களையும் அண்டை வீடுகளோடு பகிர்ந்துகொண்டால், முன்னும் பின்னுமாக 40 சதுர மீட்டர்தான் வெளியே தெரியும். ஆறில் ஒரு பங்கு. அந்த முன்பக்கத்துக்கும் திண்ணைக் கூரை நிழல் கொடுக்கிறது.

பகிர்ந்த சுவர் வெயிலை மறைப்பதோடு நிற்பதில்லை. 40 சென்டிமீட்டர் கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய அந்தச் சுவர் சுமார் 70 டன் எடை இருக்கும். அது முழுவதும் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 17 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். இரவில் குளிர்ந்துவிட்ட சுவர் மறுநாள் பகல் முழுக்க அறைக் காற்றின் வெப்பத்தை மெல்ல வாங்கிக்கொண்டே இருக்கும். அப்போதும் தான் லேசாகத்தான் சூடேறும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் குளிர்ச் சேமிப்பு அது. மிஞ்சுவது கூரை. வெயிலின் பெரும் பகுதி அங்கேதான் விழுகிறது. ஓட்டுக்கும் அறைக்கும் நடுவில் மரப்பலகை மச்சு இருப்பதால், சூடான காற்று மேலேயே தங்கி ஓட்டு இடுக்குகள் வழியாக வெளியேறிவிடுகிறது.

ஆனால் சுவர் இரவில் குளிர வேண்டுமே? அந்த வேலை, வீட்டின் நடுவே வானம் பார்க்கத் திறந்திருக்கும் முற்றத்தினுடையது. மேகமில்லாத இரவில் ஓடுகளும் முற்றத்துத் தளமும் தங்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு வீசுகின்றன. காற்றிலுள்ள நீராவிதான் அந்தக் கதிர்களை வழிமறிக்கும். கணவாய் வழியாக வரும் காற்று வறண்டது என்பதால் மாசியிலும் பங்குனியிலும் இந்தக் குளிர்தல் நன்றாக நடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. கூரைச் சரிவில் இறங்கி முற்றத்தில் கிணற்று நீர் போலத் தேங்கி, அங்கிருந்து கூடத்துக்கும் அறைகளுக்கும் பரவிச் சுவரைத் தொடுகிறது. மழைக்காலத்தில் இது பலிக்காது. அப்போது முற்றம் ஈரத்தையும் பாசியையும்தான் தரும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பகலில் திசை மாறுகிறது. உச்சி வெயில் முற்றத்துத் தளத்தில் விழ, அங்குள்ள காற்று சூடாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப, வாசல் பக்கம் திண்ணை நிழலிலிருந்தும் பின்பக்கம் கொல்லை மரங்களின் அடியிலிருந்தும் காற்று உள்ளே வருகிறது. இதற்குப் பின்னால் இருக்கும் விசை மிகச் சிறியது. நான்கு மீட்டர் உயரமும் ஐந்து டிகிரி வித்தியாசமும் இருந்தால் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஒரு பாஸ்கல் கூட இல்லை. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வரும் இளங்காற்று தரும் தள்ளலும் ஏறக்குறைய அவ்வளவுதான். இத்தனை மெல்லிய விசை காற்றை நகர்த்த வேண்டுமென்றால் பாதையில் தடையே இருக்கக் கூடாது. வாசல்படியில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேராகப் பார்க்க முடிகிற அமைப்பின் பயன் இதுதான். குரங்குத் தொல்லை, கொசு, திருட்டுப் பயம் என்று நியாயமான காரணங்களுக்காகவே பலர் முற்றத்தைத் தகரத்தாலோ பாலிகார்பனேட் தகட்டாலோ முழுதாக மூடிவிடுகிறார்கள். மூடிய அன்றே அந்த ஒரு பாஸ்கலும் போய்விடுகிறது. உள்ளே ஏசி வந்துவிடுகிறது.

இனி தெரு. காற்று எடுக்கும் இடம் அது என்பதால் அதன் அகலமும் தரையும் வீட்டுக்குள் இருப்பவருக்கும் முக்கியம். கல்பாத்தித் தெருவை இத்தனை காலமும் காத்து வந்ததில் ஐப்பசித் தேருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஆண்டுக்கு ஒரு முறை தேர் தெருவுக்குள் வந்து திரும்பியாக வேண்டும். படியையோ திண்ணையையோ இரண்டடி முன்னே தள்ளிக் கட்டியவருக்கு அன்று ஊர் முழுவதும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பொது இடத்தை அளந்து பார்க்க இதைவிட உறுதியான ஏற்பாடு எந்த நகராட்சியிடமும் இல்லை.

அந்தப் பொது இடம் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1924இல், வைக்கம் போராட்டம் நடந்த அதே ஆண்டில், தேர்த் திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவில், தீண்டாமைக்கு ஆளாகியிருந்த கேரளத்தின் ஈழவ சாதியினர் நடப்பதைத் தடுத்து மோதல் நடந்தது. தெருவின் இயற்பியலை நாம் எடுத்துக்கொள்ளலாம். யாரை உள்ளே விடுவது என்ற அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளவே கூடாது. புதிதாக அமையும் குடியிருப்புகள் சுற்றுச்சுவரும் காவலரும் வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது.

தரைக்கு வருவோம். மண் தரையில் மாலை நேரம் தெளிக்கும் ஒவ்வொரு லிட்டர் நீரும் ஆவியாகும்போது சுமார் மூன்றில் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்கிறது. தார்ச்சாலையும் சிமென்ட் தரையும் நீரை உள்ளே வாங்காமல் சாக்கடைக்கு அனுப்பிவிடுகின்றன. கொல்லைப்புறத்தின் கணக்கு இன்னும் பெரியது. நம் கணக்கிலுள்ள 125 சதுர மீட்டர் வீட்டின் மேல் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டர் மழை பெய்தால் இரண்டரை லட்சம் லிட்டர். கூரையிலும் முற்றத்திலும் விழும் அந்த நீரைக் கொல்லை மண்ணுக்குத் திருப்பினால் அதில் ஒரு பகுதி வரிசையிலுள்ள எல்லாக் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். ஒருவர் தம் கொல்லையைச் சிமென்ட் பூசினால் பக்கத்து வீட்டுக் கிணற்றின் பங்கும் குறைகிறது.

இப்போது ஒரு வீடு இடிக்கப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மும்பையிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், வீடு விற்றுப்போய்விட்டது. புதிதாகக் கட்டுபவர் பொதுவான கட்டட வழக்கப்படி இரு பக்கமும் இடம் விட்டு மாடி எழுப்புகிறார். அவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் இரு பக்கத்து வீடுகளிலும் தலா நூறு சதுர மீட்டர்ச் சுவர், வெயிலும் மழையும் படும் என்று எண்ணிக் கட்டப்படாத சுவர், ஒரே நாளில் வெளியே வந்துவிடுகிறது. மழையில் அது ஊறுகிறது, கோடையில் காய்கிறது. அந்த வீட்டுக்காரரும் ஏசி வாங்குகிறார். ஏசியின் வெளிப்பெட்டி சந்துக்குள் அனலைத் தள்ள, அடுத்த வீட்டின் சுவரும் சூடாகிறது. ஒரு வீட்டில் தொடங்கியது வரிசை முழுவதற்கும் பரவுவது இப்படித்தான்.

பாரம்பரியக் கிராமம் என்ற பெயரில் முகப்பை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். திண்ணைத் தூணுக்குச் சாயம் பூசிவிட்டு முற்றத்தை மூட அனுமதித்தால் புகைப்படத்துக்கு மட்டுமே அழகு. செய்யக்கூடியவை எளியவை. முற்றத்துக்கு மேல் தகடு வேண்டுமானால் ஓட்டைவிட ஒரு முழம் உயர்த்தி, நான்கு பக்கமும் வலை வைத்துக் காற்றுக்கு வழி விடலாம். புதிய சுவரைப் பழைய பொதுச்சுவரோடு ஒட்டிக் கட்ட அனுமதிக்கலாம். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய, உள்ளே வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் முறையில் கட்டினால் செங்கல்லும் மிச்சம், வெப்பமும் மெதுவாகத்தான் நுழையும். வெளிப்பெட்டியைச் சந்தில் மாட்டாமல் கூரைக்கு மேலே ஏற்றலாம்.

இவற்றில் எது எவ்வளவு பயன் தருகிறது என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. வரும் சித்திரையில் முற்றம் திறந்த வீடு ஒன்றிலும் மூடிய வீடு ஒன்றிலும், சுவர் வெளியே தெரியும் வீடு ஒன்றிலும், ஒரே உயரத்தில் ஒரே வகை வெப்பமானியை மாட்டி, மதியம் மூன்று மணிக்கும் விடியற்காலையிலும் எழுதி வைத்தால் போதும். அந்தத் தாள்களோடு வார்டு சபைக்குப் போகலாம்.